குமாஸ்தாவின் இரு விண்ணப்பங்கள்

தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகாது என்பது நம் நாட்டில் நெடுங்காலமாகப் போற்றப்பட்டுவரும் மரபு. நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவர் அதனை ஒரு விதியாகவே எழுதி வைத்தார். முன்பு இல்லாதவற்றைத் தோற்றுவித்துப் பல துறைகளிலும் நூல் செய்து முடித்தவனே ஆயினும், தன் பெருமையைத் தானே பேசுதல் தகுதி அன்று என்பது அவர் கருத்து. ஆயினும் அதனை அடுத்து அவரே நான்கு விலக்குகளையும் வகுத்தார். அரசவைக்கு ஓலை எழுதும் இடத்தும், தன் ஆற்றலை அறியாதவர் நடுவிலும், அவையில் வாது செய்து வெல்ல வேண்டிய பொழுதும், மாற்றான் தன்னைப் பழித்த காலத்தும் புலவன் தன்னைப் புகழ்ந்து கூறலாம் என்றார்.

மாணவ நண்பர்களே, உத்தியோகத்திற்கு மனு எழுதும் இளைஞன் இந்த நான்கில் முதல் இரண்டுக்கும் உரியவன். அவன் எழுதுவது ஓலை; அதைப் பெறுவோர் அவன் ஆற்றலை அறியாதவர். ஆகவே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள அவனுக்கு இலக்கண ஆசிரியரின் அனுமதியே கிடைத்துவிட்டது. எப்படிச் சொன்னால் நம்புவார்கள் என்பதைப் பற்றி மட்டும் நன்னூல் ஒன்றும் கூறவில்லை. அதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

இக்காலத்தில் இளைஞர்கள் அனுப்பும் தன்விவரக் குறிப்புகளை எடுத்துப் பாருங்கள். கடின உழைப்பாளி, பொறுப்புணர்ச்சி மிக்கவன், பிறரோடு இணைந்து பணியாற்றும் பண்புடையவன் என்னும் தொடர்கள் இல்லாத குறிப்பைக் காண்பது அரிது. ஓர் இடத்திற்கு இருநூறு மனுக்கள் வந்து, இருநூறிலும் இத்தொடர்களே இருக்குமானால், படிக்கும் அதிகாரி இவற்றைக் கொண்டு யாரைப் பொறுக்கி எடுப்பார்? எழுதியவன் பொய் சொல்கிறான் என்று அவர் எண்ணுவதில்லை. மெய்யா பொய்யா என்று சோதித்துப் பார்க்க இதில் ஒன்றும் இல்லையே என்று அடுத்த தாளைப் புரட்டுகிறார். அவ்வளவுதான்.

சோதித்துப் பார்க்கக்கூடிய மனு எது, சோதிக்க முடியாத மனு எது என்று காட்ட நம் காவிரிக் கரையிலேயே ஓர் உதாரணம் கிடைக்கிறது. கும்பகோணத்தில் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்த ஓர் இளைஞர், ஏறத்தாழ ஓராண்டு இடைவெளியில் இரண்டு விண்ணப்பங்களை எழுதினார். ஒன்று சென்னைத் துறைமுகக் கழகத்திற்குக் குமாஸ்தா வேலை கேட்டு எழுதியது. மற்றது கடல் கடந்து கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்குச் சென்றது. எழுதியவர் கணித மேதை ஸ்ரீநிவாச இராமானுஜன். இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பது மனு எழுதப் பழகுவோருக்கு ஒரு நல்ல பாடம்.

முதலில் அவருடைய நிலையை நினைவில் கொள்ளுங்கள். 1887 டிசம்பர் 22ஆம் நாள் பிறந்தவர். தந்தையார் துணிக்கடையில் கணக்கு எழுதியவர். கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது கணிதப் பரிசு பெற்றார். முழு மதிப்பெண்ணுக்கும் மேலே கொடுக்கத் தக்கவர் என்று தலைமையாசிரியரே அவரைக் குறித்துச் சொன்னதாக வரலாறு. 1904இல் உபகாரச் சம்பளத்துடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் ஒன்றையே கட்டிக்கொண்டு மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் அந்த உபகாரச் சம்பளம் போயிற்று. பின்னர்ச் சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. ஆக, அவரைப் பற்றி ஊரறிய இருந்த எண்கள் எல்லாம் அவருக்கு எதிராகவே சாட்சி சொல்லின. எண் என்றாலே சான்று என்று நினைப்பவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். மதிப்பெண்ணும் ஓர் எண்தான். அது எதை அளக்கிறதோ அதை மட்டுமே சொல்லும். இராமானுஜனிடம் இருந்ததை அளக்கும் அளவுகோல் அந்தப் பரீட்சையில் இல்லை.

1912 பிப்ரவரி 9ஆம் நாள் அவர் துறைமுகக் கழகத்திற்கு எழுதிய மனு மிகவும் சுருக்கமானது. அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா இடம் காலியாக இருப்பதாக அறிகிறேன்; மெட்ரிகுலேஷன் தேறி எஃப்.ஏ. வரை படித்தேன், எதிர்பாராத இடையூறுகளால் படிப்பைத் தொடர முடியவில்லை, ஆயினும் என் நேரம் முழுவதையும் கணிதத்திலேயே செலவிட்டு வருகிறேன், வேலை கொடுத்தால் செவ்வனே செய்வேன் என்னும் நம்பிக்கை எனக்கு உண்டு. அதன் சாரம் இவ்வளவே.

பணிவுள்ள மனு, பொய்யில்லாத மனு. ஆனால் இதில் அதிகாரி சோதித்துப் பார்க்கக்கூடியது எது? மெட்ரிகுலேஷன் தேறியது ஒன்று. அது அக்காலத்தில் இத்தகைய வேலைக்கு மனுச் செய்த பலரிடமும் இருந்தது. மற்றொன்று படிப்பு நின்றுபோனது, அது குறை. கணிதத்தில் முழு நேரமும் செலவிட்டேன் என்பதை எவ்வாறு அளப்பது? நம்பிக்கை உண்டு என்பதை எந்தத் தராசில் இடுவது? இம்மனுவை மட்டும் கொண்டு முடிவு செய்வதானால், உலகம் வியந்த ஒரு மேதைக்கும் படிப்பைப் பாதியில் விட்ட எந்த இளைஞனுக்கும் வேறுபாடு காண இயலாது.

மனுவைக் காப்பாற்றியது அதனோடு சேர்த்தனுப்பிய ஒரு தாள். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் என்னும் ஆங்கிலேயர் 1911 செப்டம்பரில் எழுதிக் கொடுத்த சிபாரிசுக் கடிதம் அது. இளைஞர் கணிதத்தில் அசாதாரணமான திறமை உடையவர் என்று அவர் சொன்னதோடு நிற்கவில்லை. எண்களைக் கையாள்வதில் இயல்பான ஆற்றல் உண்டு, கணக்கிடுவதில் மிக விரைவு என்றும் எழுதினார். இந்தப் பிற்பகுதிதான் நுட்பமானது. துறைமுகக் கணக்குப் பிரிவுக்குக் கணித மேதை தேவையில்லை. கூட்டல் கழித்தலைப் பிழையின்றி விரைவாகச் செய்யும் ஆள் தேவை. பேராசிரியர் அந்தத் தேவையை அறிந்து எழுதினாரா, தற்செயலாக அமைந்ததா என்று ஆராய வேண்டியதில்லை. மனுவைப் படிப்பவருக்கு எது பயன்படுமோ, அதைப் பார்த்து அறிந்த ஒருவர் தம் பெயரை இட்டுச் சொன்னார். 1912 மார்ச் முதல் தேதி இராமானுஜன் வேலையில் அமர்ந்தார். அலுவலகத்தில் மேலாளராக இருந்த நாராயண ஐயரும் கணிதம் கற்றவர் என்பது அவருடைய நல்லூழ்.

இதற்கு முன்னரே, சான்று என்பது எவ்வாறு வேலை செய்கிறது என்பதை இராமானுஜன் அனுபவத்தில் கண்டிருந்தார். 1910இல் திருக்கோவிலூருக்குச் சென்று, அங்கே டெபுடி கலெக்டராக இருந்த இராமசாமி ஐயரைப் பார்த்துத் தாலுகா அலுவலகத்தில் ஒரு சிறு வேலை கேட்டார். இந்தியக் கணிதச் சங்கத்தை 1907இல் தோற்றுவித்தவர் அந்த அதிகாரி. இளைஞரின் கையில் பரீட்சைச் சான்றிதழ் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. அதிகாரி அவற்றைப் புரட்டினார். வருவாய்த் துறையின் கடைசிப் படியில் இவரை அமர்த்தி இந்த மேதையை நசுக்க எனக்கு மனம் வரவில்லை என்னும் கருத்துப்பட அவர் பின்னாளில் கூறினார். வேலை கேட்டவருக்கு அன்று வேலை கிடைக்கவில்லை. சென்னையிலுள்ள கணித வல்லுநர்களுக்கு அறிமுகக் கடிதம் கிடைத்தது. சேஷு ஐயர், நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் என்று ஒருவர் வழியாக ஒருவரிடம் சென்று, இராமானுஜனுக்கு மாதந்தோறும் 25 ரூபாய் உதவி கிடைக்கும் நிலை ஏற்பட்டது. 1911இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் சஞ்சிகையில் பெர்னூலி எண்களைப் பற்றிய அவருடைய முதற் கட்டுரை வெளிவந்தது.

இனி இரண்டாவது விண்ணப்பத்திற்கு வருவோம். 1913 ஜனவரி 16ஆம் நாள், கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியில் இருந்த கணித அறிஞர் ஜி. எச். ஹார்டிக்கு அவர் எழுதினார். அதற்கு முன் அங்குள்ள அறிஞர் இருவருக்கு எழுதியதில் பயன் விளையவில்லை. இக்கடிதத்தின் தொடக்கமும் பணிவானதே. சென்னைத் துறைமுக அலுவலகத்தில் ஆண்டுக்கு 20 பவுன் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருக்கிறேன். பல்கலைக்கழகக் கல்வி எனக்கு இல்லை. ஆனால் எனக்கென ஒரு புதிய பாதையை வகுத்துக்கொண்டு ஆராய்ந்து வருகிறேன் என்று தம்மை அறிமுகம் செய்துகொண்டார். தமக்குக் குறையாகக் கருதப்படக்கூடியவற்றை மறைக்கவில்லை. முதல் சில வரிகளிலேயே அவற்றைச் சொல்லி முடித்துவிட்டார்.

பின்னர் அவர் செய்தது கவனிக்கத் தக்கது. ஹார்டி 1910இல் வெளியிட்டிருந்த ஒரு நூலில், குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதற்குத் திட்டமான ஒரு கோவை இதுவரை காணப்படவில்லை என்று ஓரிடத்தில் கூறியிருந்தார். அந்த இடத்தைச் சுட்டி, உண்மைக்கு மிக நெருங்கிய கோவை ஒன்றை நான் கண்டிருக்கிறேன் என்று இராமானுஜன் எழுதினார். முன்பின் அறியாத ஒருவருக்கு எழுதும்போது, அவர் அக்கறை கொண்டுள்ள பொருளிலிருந்தே தொடங்கினார் என்பது பொருள். அதன் பிறகு பக்கம் பக்கமாகச் சூத்திரங்கள். கணித முடிவுகள் ஏறத்தாழ 120. அடைமொழிகள் எங்கும் இல்லை.

ஹார்டி அப்போது 35 வயதினர். இத்தகைய கடிதங்கள் கணித அறிஞர்களுக்கு அடிக்கடி வருவது உண்டு; அவற்றுள் பெரும்பாலானவை குப்பைக் கூடைக்கு உரியவை. இதையும் அவ்வாறே ஒதுக்கியிருக்கலாம். ஆனால் தாளில் சோதித்துப் பார்க்கக்கூடியவை நிறைந்திருந்தன. சோதித்தார், தம் நண்பர் லிட்டில்வுட் என்பவரையும் சேர்த்துக்கொண்டார். சில முடிவுகள் அவருக்கு முன்பே தெரிந்தவை. சிலவற்றை அவர் முயன்று நிறுவினார். எதிர்பார்த்ததைவிட அதிகம் உழைக்க வேண்டியிருந்தது. தொடர்பின்னங்களைப் பற்றிய சில முடிவுகளின் முன் அவர் திகைத்து நின்றார். அவற்றைப் போன்றவற்றை அவர் அதற்குமுன் கண்டதே இல்லை. இவை மெய்யாகத்தான் இருக்க வேண்டும், பொய்யாக இவற்றைப் புனையும் கற்பனை எவருக்கும் இராது என்று அவர் பிற்காலத்தில் எழுதினார்.

இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். தெரிந்த முடிவுகள் கடிதத்தில் இருந்தது வீண் என்று சிலர் எண்ணலாம். என் கருத்தில், கடிதம் நம்பத் தக்கது என்று காட்டியவற்றுள் அவையும் சேரும். பொற்கொல்லர் மாற்றுத் தெரிந்த பொன்னை முதலில் கல்லில் உரைத்துப் பார்க்கிறார். அதன் பின்னரே தெரியாத பொன்னை உரைக்கிறார். ஹார்டிக்குத் தெரிந்த சூத்திரங்கள் சரியாக இருந்தன. அதனால் தெரியாத சூத்திரங்களையும் பொறுமையுடன் நோக்கலாம் என்னும் எண்ணம் உண்டாயிற்று. நீங்கள் எழுதும் மனுவிலும், படிப்பவர் எளிதில் சரிபார்க்கக்கூடிய சிறு செய்திகள் சரியாக இருந்தால்தான் அவரால் சரிபார்க்க முடியாத பெரிய செய்திகளுக்கு மதிப்பு ஏற்படும். தேறிய ஆண்டைத் தவறாக எழுதியவன், பத்தாயிரம் ரூபாய் வசூலித்தேன் என்றால் யார் நம்புவார்?

இராமானுஜன் கடிதத்திலும் குறை இல்லாமல் இல்லை. தமக்கு வயது ஏறத்தாழ 23 என்று எழுதினார்; கணக்குப் பார்த்தால் 25 நிறைந்திருந்தது. கடிதத்தின் முகப்பிலே நின்ற அந்தப் பகா எண் கோவையும் அவர் எண்ணியவாறு அமையவில்லை. அதிலுள்ள பிழை அவர் கருதியதைவிடப் பெரிது என்று பின்னர் வெளியாயிற்று. ஆயினும் கடிதம் விழுந்துவிடவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட முடிவுகள் தனித்தனியே நின்றன; ஒன்று சாய்ந்தாலும் மற்றவை தாங்கின. ஒரே பெரிய உரிமைக் கூற்றை மட்டும் எழுதி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பிப்ரவரி 8ஆம் நாள் ஹார்டி பதில் எழுதினார். மகிழ்ச்சியோடு ஒரு வேண்டுகோளும் அதில் இருந்தது: நிரூபணங்களை அனுப்புக. இராமானுஜன் அதே மாதம் 27ஆம் நாள் எழுதிய மறுமொழியில் ஒரு வேடிக்கையான இடம் உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று முடிவின்றிக் கூட்டிக்கொண்டே போனால் என் கொள்கைப்படி வருவது கழித்தல் பன்னிரண்டில் ஒன்று. இதை மட்டும் சொன்னால் நீங்கள் எனக்குப் பைத்தியக்கார விடுதிக்கு வழி காட்டிவிடுவீர்கள் என்னும் கருத்துப்பட எழுதினார். அந்த முடிவுக்குக் கணிதத்தில் ஆழ்ந்த பொருள் உண்டு. ஆனால் எந்தக் கொள்கையின்படி, எந்தப் பொருளில் என்று சொல்லாமல் விட்டால் அது பித்தர் பேச்சாகவே தோன்றும். எண்ணை மட்டும் நிறுத்திவிட்டு அடிப்படையைச் சொல்லாது போவதன் ஆபத்தை இதைவிட நன்றாக விளக்க முடியாது.

விளைவு விரைவாக வந்தது. கில்பர்ட் வாக்கர் என்பவர் இந்திய வானிலைத் துறையின் தலைவர். கேம்பிரிட்ஜில் கணிதம் கற்றவர். அவர் பிப்ரவரி மாதம் சென்னைக்கு வந்தபோது இராமானுஜனின் நோட்டுகளைப் பார்த்துப் பல்கலைக்கழகத்திற்கு எழுதினார். எஃப்.ஏ. தேறாத இளைஞருக்கு, 1913 மே மாதம் முதல் இரண்டாண்டுகளுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித் தொகையைச் சென்னைப் பல்கலைக்கழகம் வழங்கியது. குமாஸ்தா சம்பளத்தைப் போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட தொகை அது. 1914 மார்ச் 17ஆம் நாள் அவர் கப்பல் ஏறினார். 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சிக் கட்டுரையைக் கொண்டே பட்டம் அளித்தது. 1918இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். 1920 ஏப்ரல் 26ஆம் நாள், முப்பத்து மூன்று வயது நிறைவதற்கு முன்னரே, சென்னையில் மறைந்தார்.

இராமானுஜன் எங்கே, நாங்கள் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லாரும் சூத்திரம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை; தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை எழுதிய கணக்கர்களிடம் கற்றுக்கொண்டாலே போதும்.

முதலாம் இராசராச சோழனின் மெய்க்கீர்த்தி அவன் வென்ற நாடுகளை அடுக்கிச் சொல்வது. அதில் பெரிய எண்களும் வரும். கடல் நடுவே பழந்தீவுகள் பன்னீராயிரம் கொண்டான் என்று அது பேசும். அத்தீவுகள் மாலத்தீவு என்பர் ஆராய்ச்சியாளர். இன்று எண்ணினால் அங்குள்ள தீவுகள் ஏறத்தாழ 1,200. மெய்க்கீர்த்தி அரசவையின் புகழ்மொழி. அதைக் குற்றம் கூற நாம் யார்? ஆனால் அதே அரசன் கோயிலுக்குக் கொடுத்த கொடைகளைக் கல்லில் பொறித்தபோது எண்களின் போக்கே மாறிவிடுகிறது. விமானத்தின் உச்சியில் வைக்கக் கொடுத்த செப்புக் கலசத்தின் நிறை 3,083 பலம். அதற்கு வேய்ந்த பொன் 2,926½ கழஞ்சு. அந்த அரைக் கழஞ்சைப் பாருங்கள்! பொன்னை எந்த எடைக்கல்லால் நிறுத்தார்கள் என்பதும் எழுதப்பட்டிருக்கும். அக்கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர். அணிகலன்களின் நிறையைச் சொல்லும்போது சரடும் சட்டமும் செப்பாணியும் நீக்கி நிறுத்தோம் என்று குறிப்பார்கள். கற்களில் குறை இருந்தால் அந்தக் குறையையும் எழுதுவார்கள்.

பன்னீராயிரம் தீவுகளைப் போய் எண்ணிப் பார்க்க அக்காலத்தில் யாராலும் ஆகாது. அரைக் கழஞ்சைக் கோயில் பண்டாரத்திலேயே மறுநாள் நிறுத்துப் பார்க்கலாம். முன்னது கேட்போரை மயக்கும். பின்னதில் கணக்குத் தணிக்கை செய்பவனும் குறை காண முடியாது. நம் மாணவர்களின் தன்விவரக் குறிப்புகளில் தீவுகள் மிகுதி, கழஞ்சுகள் குறைவு.

சரடும் சட்டமும் நீக்கி நிறுப்பது இன்னும் அரிய குணம். ஒரு மாணவனைக் கற்பனை செய்துகொள்வோம். வேளாண்மைப் பட்டயம் பெற்றவன். மன்னார்குடிப் பக்கம் ஒரு நிலத்தில் ஒரு பருவம் பயிற்சிக்கு இருந்தான். விதை நிறுவனம் ஒன்றுக்கு மனு எழுதும்போது, குறுவை விளைச்சலை 20 விழுக்காடு உயர்த்தினேன் என்று குறிக்கிறான். எண் இருக்கிறது, அடிப்படை எங்கே? நிலம் ஒரு மாவா, ஒரு வேலியா? இருபது மா கொண்டது ஒரு வேலி. ஒரு மாவில் கண்ட வேறுபாடு ஒரு வேலியில் தோன்றாமல் போகலாம். சென்ற ஆண்டோடு ஒப்பிட்டானா, பக்கத்து வயலோடு ஒப்பிட்டானா? மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12ஆம் நாள் திறந்த ஆண்டுக்கும், தண்ணீர் தாமதித்த ஆண்டுக்கும் குறுவை ஒரே அளவில் விளையுமா? தண்ணீர் கொடுத்த உயர்வைத் தன் உயர்வாக எழுதினால், சட்டத்தையும் ஆணியையும் சேர்த்துப் பொன்னாக நிறுத்ததற்கு ஒப்பாகும். டெல்டாவை அறிந்த அதிகாரியானால் முதல் கேள்வியிலேயே மனு ஆட்டம் கண்டுவிடும்.

அதே மாணவன் இவ்வாறு எழுதட்டும்: இரண்டு மாவில் வரிசை நடவு செய்த பகுதியையும், அதே விதையை அதே வாரத்தில் வழக்கப்படி நட்ட பக்கத்துப் பகுதியையும் அறுவடையில் தனித்தனியே நிறுத்தோம், நிறை இன்னது, நாற்று விட்டதும் நிறையைப் பதிந்ததும் நான், உழவும் உரமும் நிலத்துக்காரர் பொறுப்பு. இதில் வரும் உயர்வு பத்து விழுக்காடாகவே இருக்கட்டும். இருபதைவிட இந்தப் பத்து கனமானது. வேளாண்மைப் புள்ளிவிவரத் துறையினர் விளைச்சலைக் கணிக்கும் முறையும் இத்தகையதே. வயலில் விளைந்த பகுதியைக் கண்ணால் பொறுக்காமல், குலுக்கல் முறையில் விழுந்த இடத்தில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கட்டம் இட்டு, அதை மட்டும் அறுத்து அடித்து நிறுக்கிறார்கள். ஒரு ஹெக்டேரில் அத்தகைய கட்டங்கள் 400. கட்டத்தில் 12½ கிலோ நெல் கிடைத்தால் ஹெக்டேருக்கு 5,000 கிலோ என்பது கணக்கு. கண்ணுக்கு அழகான மூலையைத் தேர்ந்தெடுக்கும் ஆசையை அம்முறை தடுத்துவிடுகிறது. மனு எழுதும்போதும் அந்த ஆசை நமக்கு வரும்.

எண் சிறிதாக இருப்பதைப் பற்றி வெட்கப்பட வேண்டியதில்லை. ஊர் நூலகத்திற்குத் தொண்டு செய்தேன் என்பதைவிட, ஆறு மாதம் சனிக்கிழமைதோறும் சென்று 640 நூல்களுக்கு அட்டவணை எழுதினேன், அந்த அட்டவணை நூலகத்தில் இருக்கிறது என்பது எவ்வளவோ மேல். தேவையற்ற நுணுக்கமும் வேண்டாம். நான் பாடம் சொல்லிக் கொடுத்த 17 சிறுவரில் 4 பேர் முதல் வகுப்பில் தேறினர் என்றால் அப்படியே எழுதுங்கள், 23.53 விழுக்காடு என்று எழுதினால் படிப்பவர் சிரிப்பார். பதினேழு பேரில் ஒரு சிறுவனுக்குப் பரீட்சை நாளில் காய்ச்சல் வந்தாலே அந்த விழுக்காடு கவிழ்ந்துவிடும்.

எண்ணால் அளக்க முடியாத வேலைகளும் உண்டு. தஞ்சாவூரில் வீணை செய்யும் தச்சரிடம் தொழில் பயின்ற இளைஞன் எத்தனை மணி நேரம் இழைத்தேன் என்று எழுதுவதில் பொருளில்லை. தான் செய்த குடத்தைக் கொண்டுவந்து வைத்தால் போதும். முதியோர் இல்லத்தில் பணி செய்த பெண்ணின் பொறுமையை எந்தப் படியால் அளப்பது? அவளை நாள்தோறும் பார்த்த மேற்பார்வையாளர் ஒருவர், இன்ன நாளில் இன்ன நெருக்கடியில் இவள் இவ்வாறு நடந்துகொண்டாள் என்று எழுதும் நான்கு வரிகளே அங்கே சான்று. மிடில்மாஸ்ட் எழுதிய கடிதத்தின் வேலை அதுதான்.

இவற்றையெல்லாம் மனு எழுதும் அன்று இரவில் தேடினால் கிடைக்காது. பேராசிரியரின் கடிதம் மனுவுக்குச் சுமார் ஐந்து மாதங்களுக்கு முன்பே இராமானுஜன் கையில் இருந்தது. நோட்டுகளோ பல ஆண்டுகளாக எழுதிச் சேர்த்தவை. ஹார்டி கேட்டபோது புதிதாக உட்கார்ந்து எதையும் தொடங்க வேண்டியதாக இல்லை. ஆகவே கல்லூரியில் இருக்கும்போதே ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். செய்த வேலை, நாள், அளவு, உடன் இருந்தவர் யார், அதற்குத் தாள் ஏதேனும் உண்டா என்று இரண்டு வரி எழுதினால் போதும். நேர்முகத் தேர்வுக்கு அழைத்தால் அந்த நோட்டையும் கொண்டு செல்லுங்கள். மனுவில் கண்ட எண் எப்படி வந்தது என்று கேட்பார்கள். யாருடைய பெயரையேனும் சான்றாளர் என்று குறிப்பதானால் அவரிடம் முன்னதாகவே இசைவு பெற்று, மனுவின் நகல் ஒன்றையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள். அதிகாரி அவருக்கு எழுதிக் கேட்கும்போது, நீங்கள் 640 என்று எழுதியதை அவர் ஆயிரம் என்று அன்பினால் உயர்த்திச் சொல்லிவிடக் கூடாது.